மூக்கு வழியாக மூளை நீர் கசிவு: ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். அடி எதுவும் படாமல் தானாகவே மூளை நீர் மூக்கு வழியாகக் கசிகிற நோயாளிகள் அதிகம் பேர் வருவதில்லை. ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் கேட்கத் தயங்கி, அவர் போன பிறகு என்னிடம் கேட்டவை இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் வாக்கிலேயே கொடுத்திருக்கிறேன். விபத்தாலோ முந்தைய ஆபரேஷனாலோ வந்த கசிவைப் பற்றி இங்கே பேசவில்லை. அதற்கு வழிமுறை சற்று வேறு.

மூக்கு ஒழுகுவது யாருக்குத்தான் இல்லை? இது ஜலதோஷம் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ஜலதோஷமும் அலர்ஜியும் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். தும்மல், அரிப்பு, மூக்கடைப்பு கூடவே இருக்கும். ஜலதோஷமானால் சில நாட்களில் நீர் கெட்டியாகிச் சளியாகிவிடும். மூளை நீர் பெரும்பாலும் ஒரே பக்கம் வரும். தெளிந்திருக்கும், பிசுபிசுப்பு இருக்காது, உறிஞ்சினாலும் நிற்காது. வாய்க்குள் போனால் உப்புக் கரிக்கும். உலோகச் சுவை என்று சொல்பவர்களும் உண்டு.

குனியும்போதுதான் இது தன்னைக் காட்டிக்கொடுக்கும். வாசலில் கோலம் போடக் குனிந்தால் சொட்டும். தொழுகையில் சஜ்தா செய்தால் சொட்டும். மலச்சிக்கலில் முக்கினால் சொட்டும். இரவு முழுவதும் சைனஸ் அறைக்குள் தேங்கியது காலையில் எழுந்து உட்கார்ந்தவுடன் மொத்தமாகக் கொட்டுவதும் உண்டு. மல்லாந்து படுத்தால் நீர் தொண்டைக்குள் இறங்கிவிடும் என்பதால் சிலருக்கு ஒழுகலே தெரியாது, இரவு இருமல்தான் தெரியும். அலர்ஜி மாத்திரையும் ஸ்ப்ரேயும் மாதக்கணக்கில் எடுத்தும் ஒரு பக்க ஒழுகல் கொஞ்சமும் குறையவில்லை என்றால், “இது மூளை நீராக இருக்குமா?” என்று மருத்துவரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

மூளையில் இருக்கும் நீர் மூக்குக்கு எப்படி வந்தது? இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

மூளையும் தண்டுவடமும் தெளிந்த ஒரு நீரில் மிதக்கின்றன. சீட்டில் சி.எஸ்.எஃப். என்று எழுதுவது அதைத்தான். மூளைக்கும் மூக்குக்கும் நடுவில் இருப்பது எலும்பாலான ஒரு தளம் மட்டுமே. மூக்கின் கூரையாக இருக்கும் சல்லடை எலும்பில், வாசனை நரம்பின் இழைகள் கீழே இறங்குவதற்கென்றே பிறவியிலேயே சிறு துளைகள் இருக்கின்றன. அதற்குப் பின்னால், மண்டையின் நடுப்பகுதியில் ஸ்பீனாய்டு சைனஸ் இருக்கிறது. அதன் பக்கவாட்டு மூலையில் சிலருக்கு எலும்பு மிகவும் மெல்லியது. தானாக வரும் கசிவுகள் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் நேர்கின்றன.

எலும்பு கரைந்து, அதன் மேல் விரித்திருக்கும் மூளை உறையும் விட்டுக்கொடுத்தால் நீர் மூக்குக்குள் இறங்கும். சிலருக்கு அந்தத் துளை வழியாக உறை ஒரு சிறு பையாகப் பிதுங்கும். மூளைத் திசுவும் கொஞ்சம் உள்ளே இழுபட்டு வருவதுண்டு. ஸ்கேன் அறிக்கையில் மெனிஞ்சோசீல், என்செஃபலோசீல் என்று எழுதியிருந்தால் அவை இவைதான்.

எனக்கு அடிபடவே இல்லையே, கீழே விழுந்ததும் இல்லை. பிறகு எப்படி எலும்பில் ஓட்டை விழும்?

தானாக வந்தது என்றால் காரணமே இல்லாமல் வந்தது என்று பொருள் இல்லை. இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு மண்டைக்குள் நீரின் அழுத்தம் கூடியிருக்கிறது. படுத்த நிலையில் முதுகில் ஊசி வைத்து அளந்தால் பெரியவர்களுக்கு வழக்கமாக 20 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள் இருக்கும். 25-ஐத் தாண்டினால் அது உயர் அழுத்தம். ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் மூளை நீர் மெல்லத் துடிக்கிறது. அழுத்தம் கூடியிருக்கும்போது அந்தத் துடிப்பு பல ஆண்டுகளாக ஒரே மெல்லிய எலும்பை அரித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் பலமாக இருமியபோது ஆரம்பித்தது என்று நோயாளி சொல்வார். உண்மையில் இருமலுக்கு முன்பே எலும்பு போய்விட்டது.

இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களைப் படியுங்கள். துளை கண்ணுக்குத் தெரிகிறது, அழுத்தம் தெரிவதில்லை. துளையை அடைத்த பிறகும் சிகிச்சை பாக்கி இருப்பதற்கு அதுதான் காரணம்.

எந்த நோய் வந்தாலும் எடையைத்தான் குறை சொல்கிறார்கள். இதற்கும் எடைக்கும் என்ன தொடர்பு?

கோபம் நியாயம்தான். மூட்டுவலிக்குப் போனாலும் எடை, மூச்சிரைப்புக்குப் போனாலும் எடை என்று கேட்டு அலுத்துப் போயிருப்பீர்கள். ஆனால் இந்த நோயில் அந்தத் தொடர்பு உண்மையானது. தானாக வரும் கசிவு அதிகமாகக் காணப்படுவது நடுத்தர வயதுப் பெண்களிடம், அதிலும் உடல் எடைக் குறியீடு 30-க்கு மேல் இருப்பவர்களிடம். காரணம் தெரியாத மண்டை உயர் அழுத்தம் என்ற நோயும் இதே மாதிரியான பெண்களைத்தான் பிடிக்கிறது. தூக்கத்தில் மூச்சு அடைபட்டுக் குறட்டை விடுபவர்களுக்கு ஒவ்வொரு அடைப்பின்போதும் மண்டை அழுத்தம் ஏறி இறங்குகிறது.

ஒல்லியாக இருப்பவர்களுக்கும் ஆண்களுக்கும் வருவதுண்டு. சில மருந்துகளும் அழுத்தத்தைக் கூட்டும். முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின், டாக்சிசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக், அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ ஆகியவை அவற்றில் சில. எடுத்த மாத்திரை எதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘எம்ப்டி செல்லா’ என்று இருக்கிறது. என் மூளையில் ஏதோ ஒன்று இல்லையா?

எதுவும் காணாமல் போகவில்லை. பிட்யூட்டரி சுரப்பி உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழிக்குச் செல்லா என்று பெயர். மேலிருந்து நீர் அழுத்தும்போது சுரப்பி நசுங்கிக் குழியின் அடியில் படிந்துவிடும். குழிக்குள் நீர் நிரம்பியிருப்பதால் படத்தில் காலியாகத் தெரிகிறது. மேலே சொன்ன அழுத்தம் விட்டுப்போன தடயங்களில் இது ஒன்று. பெரும்பாலும் சுரப்பி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். சந்தேகம் இருந்தால் ஹார்மோன் ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள்.

இவ்வளவு நீர் போனால் மூளை வற்றிவிடாதா? இளநீர் நிறையக் குடிக்க வேண்டுமா?

வற்றாது. பெரியவர் ஒருவரிடம் எந்த நேரத்திலும் இருக்கும் மூளை நீர் ஏறக்குறைய 150 மில்லிலிட்டர். உடம்பு ஒரு நாளில் புதிதாகச் சுரப்பது ஏறக்குறைய 500 மில்லிலிட்டர். அதாவது, மொத்த நீரும் நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை புதிதாகிறது. இளநீர் குடிப்பதால் கசிவு கூடவும் கூடாது, குறையவும் குறையாது, தாகத்துக்குக் குடியுங்கள்.

பயப்பட வேண்டியது வெளியே போகும் நீருக்காக அல்ல. நீர் இறங்கும் அதே வழியில் மூக்கிலிருக்கும் கிருமி மேலே ஏறலாம்.

கைக்குட்டையில் காயவைத்துப் பார்க்கலாம், சர்க்கரைப் பட்டையில் சோதிக்கலாம் என்கிறார்களே, வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியாதா?

சளி காய்ந்தால் கைக்குட்டை விறைத்துக்கொள்ளும், மூளை நீர் காய்ந்தால் துணி மிருதுவாகவே இருக்கும். பழைய காலத்துச் சோதனைதான். சந்தேகம் எழுப்ப உதவும், முடிவு சொல்ல உதவாது.

சர்க்கரைப் பட்டையை நம்பவே வேண்டாம். மூளை நீரில் குளுக்கோஸ் உண்டு என்பது சரிதான். ஆனால் கண்ணீரிலும் மூக்கு நீரிலும் கூடக் கொஞ்சம் இருக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் கூடுதலாக இருக்கும். பட்டை நிறம் மாறியதைப் பார்த்துப் பதறி வந்தவர்களில் வெறும் அலர்ஜிக்காரர்களும் உண்டு. நம்பகமான சோதனை பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின். அந்தப் புரதம் மூளை நீரில் இருக்கும். சளியிலும் கண்ணீரிலும் இருக்காது. எல்லா ஊர் ஆய்வகத்திலும் இதைச் செய்வதில்லை. மாதிரியை வெளியூருக்கு அனுப்ப நேர்ந்தால் முடிவு வரச் சில நாட்கள் ஆகும்.

பாட்டிலில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஒரு சொட்டுகூட வரவில்லை. என்ன செய்வது?

எப்போதும் நடப்பதுதான். வீட்டில் புடவைத் தலைப்பை நனைத்த மூக்கு, எங்களைக் கண்டதும் காய்ந்துவிடும். நாற்காலி நுனியில் உட்காருங்கள். கால்களை அகட்டி, தலையை முழங்காலுக்கு நடுவே தொங்கவிடுங்கள். பாட்டிலின் வாயை மூக்கின் கீழ் வையுங்கள், தோலில் படக் கூடாது. மூக்கைச் சிந்த வேண்டாம், சளி கலந்துவிடும். அப்படியே சில நிமிடங்கள் இருந்தால் முதல் சொட்டு நுனியில் திரண்டு, கண்ணாடித் தெளிவாக நின்று விழும். ஒரு மில்லிலிட்டர் சேர்ந்தாலே தாராளம்.

அப்படியும் வராவிட்டால் பாட்டிலை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவோம். காலையில் எழுந்தவுடன் முதல் வேலையாகப் பிடித்து, மூடி இறுக்கி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அன்றே கொண்டுவாருங்கள். பஞ்சில் ஒற்றிக் கொண்டுவராதீர்கள், அதிலிருந்து பிழிந்து எடுக்க முடியாது.

சி.டி. எடுத்தாயிற்று. மறுபடி எம்.ஆர்.ஐ. எதற்கு? பணம் பிடுங்கவா?

சி.டி. எலும்பைக் காட்டும். ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ கனமுள்ள வெட்டுகளாக எடுத்தால் துளை எங்கே, எவ்வளவு அகலம் என்று தெரியும். எம்.ஆர்.ஐ. நீரையும் திசுவையும் காட்டும். சைனஸுக்குள் நிற்பது சளியா, மூளை நீரா, பிதுங்கிய மூளையா என்று சி.டி. தெளிவாகச் சொல்லாது. மூளைத் திசு பிதுங்கியிருப்பது தெரியாமல் அதைப் பாலிப் (மூக்கில் வளரும் சதை) என்று நினைத்துக் கிள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எம்ப்டி செல்லா, கண் நரம்பைச் சுற்றி நீர் தேங்குவது போன்ற அழுத்தத் தடயங்களும் எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். இரண்டும் சேர்ந்தும் இடம் பிடிபடாவிட்டால் மட்டும் முதுகு வழியாகச் சாயமருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. தேவைப்படும்.

போன மாதம் ஒழுகியது, இப்போது நின்றுவிட்டது. இனி ஆபரேஷன் வேண்டாம்தானே?

எனக்கு மிகவும் கவலை தரும் கேள்வி இது. விபத்தில் வந்த கசிவு படுக்கையில் ஓய்வாக இருந்தாலே பெரும்பாலும் மூடிக்கொள்ளும். அதைப் பார்த்தோ கேட்டோ இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். தானாக வந்த கசிவு விட்டுவிட்டு வரும் இயல்புடையது. பிதுங்கிய திசு துளையில் அடைத்து நிற்கும், அழுத்தம் ஏறினால் மறுபடி திறக்கும். நின்ற நாட்களில் தலைவலி கூடுவதாகவும், ஒழுகினால் தலைவலி குறைவதாகவும் சிலர் சொல்வார்கள். அழுத்தம் இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

சொட்டு நின்றாலும் வழி மூடியதாக ஆகாது. கிருமி ஏறி மூளை உறைக் காய்ச்சல் (மெனிஞ்சைடிஸ்) வரும் வாய்ப்பு அப்படியே இருக்கிறது. நீடித்த கசிவை அடைக்காமல் விட்ட நோயாளிகளைக் கணக்கெடுத்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது வந்திருக்கிறது. மூளை உறைக் காய்ச்சல் வந்த பிறகுதான் தனக்குக் கசிவு இருப்பதே தெரிந்தது என்பவர்களும் உண்டு.

மாத்திரையிலேயே சரிசெய்ய முடியாதா? கிருமி ஏறாமல் இருக்க ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் போதாதா?

அசட்டசோலமைடு என்ற மாத்திரை மூளை நீர் சுரப்பைக் குறைக்கும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்த அது தேவைப்படும், ஆனால் எலும்பில் விழுந்த துளையை அது மூடாது. விரல் நுனிகள் மரமரப்பது, சோடா குடித்தால் சப்பென்று இருப்பது எல்லாம் அந்த மாத்திரையின் வேலைதான், பயப்பட வேண்டாம். சிறுநீரகக் கல் வந்தவர்களும் சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஆன்டிபயாட்டிக்கைத் தொடர்ந்து சாப்பிடுவது மூளை உறைக் காய்ச்சலைத் தடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்த்துவிடுவதுதான் மிச்சம். நிமோகாக்கஸ் தடுப்பூசி வேறு விஷயம். இந்தக் காய்ச்சலை அதிகம் உண்டாக்கும் கிருமி அதுதான் என்பதால் அந்த ஊசியைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

மண்டையைத் திறப்பார்களா? மொட்டை அடிக்க வேண்டுமா?

பெரும்பாலும் இல்லை. அந்தப் பயம் முந்தைய தலைமுறையிலிருந்து வந்தது. 1926-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி மண்டையைத் திறந்துதான் இத்தகைய கசிவை அடைத்தார். பல ஆண்டுகளுக்கு அதுவே வழியாக இருந்தது. மூளையின் முன்பகுதியைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்ததால் வாசனை உணர்வு போய்விடும், வலிப்பு வரும் வாய்ப்பும் உண்டு. 1981-இல் ஜெர்மனியின் விகாண்ட் எண்டோஸ்கோப்பி மூலம் மூக்கு வழியாக அடைத்ததை எழுதிய பிறகு போக்கு மாறியது. இன்று மூக்கு வழியாகச் செய்யும் ஆபரேஷனில் முதல் முறையிலேயே பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கசிவு நின்றுவிடுகிறது. முகத்தில் தழும்பு இல்லை, மொட்டையும் இல்லை.

விதிவிலக்குகள் உண்டு. நெற்றி சைனஸின் மேல்கோடி போன்ற, மூக்கு வழியாகக் கருவி எட்டாத இடமென்றால் வேறு வழி தேவைப்படலாம். ஸ்பீனாய்டின் பக்கவாட்டு மூலைக்குப் போக, கன்ன சைனஸின் பின்சுவரைத் தாண்டிப் போக வேண்டும். அந்த வழியில் இருக்கும் நரம்புகளால் கன்னம் மரத்துப்போவதும், கண் உலர்வதும் சிலருக்கு நேரும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் உங்கள் துளை எந்த இடம் என்று கேளுங்கள். அதைப் பொறுத்துத்தான் ஆபத்தும் இருக்கிறது.

ஓட்டையை எதை வைத்து அடைக்கிறார்கள்? மூக்கில் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டுத் தொடையில் ஏன் தையல்?

அடைப்பதற்கு உங்கள் உடம்பிலிருந்தே எடுக்கிறார்கள். தொடையின் வெளிப்பக்கத்தில் தசையைச் சுற்றி இருக்கும் உறுதியான வெண்ணிறப் படலம், அங்கே அல்லது வயிற்றிலிருந்து சிறிது கொழுப்பு, மூக்கின் நடுச்சுவரிலிருந்து குருத்தெலும்பு அல்லது சவ்வு ஆகியவை பயன்படும். முதலில் துளையைச் சுற்றியுள்ள மூக்குச் சவ்வை அகற்றி எலும்பை வெறுமையாக்குவார்கள். சவ்வின் மேல் வைத்த ஒட்டு பிடிக்காது. பிதுங்கிய திசுவைச் சுருக்கி எடுப்பார்கள். பிறகு எலும்புக்கு மேல்பக்கம் ஓர் அடுக்கு, கீழ்ப்பக்கம் ஓர் அடுக்கு என்று வைத்து, ஃபைப்ரின் பசை தடவி, பஞ்சு அடைத்துத் தாங்கிப் பிடிப்பார்கள்.

துளை பெரிதாக இருந்தாலோ, அழுத்தம் அதிகமாக இருந்தாலோ மூக்கு நடுச்சுவரின் சவ்வை அதன் ரத்தக் குழாயோடு சேர்த்து உரித்துத் திருப்பி வைப்பார்கள். 2006-இல் அர்ஜென்டினாவின் ஹடாட், பஸ்ஸாகாஸ்டெகி ஆகியோர் எழுதி வெளியிட்ட முறை இது. ரத்த ஓட்டம் அறுபடாததால் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

ஆபரேஷனுக்கு மறுநாள் சிறுநீர் பச்சை மஞ்சளாகப் போகிறது. காமாலையா?

இல்லை. துளை எங்கே என்று கண்ணால் பார்ப்பதற்காகச் சிலருக்கு ஆபரேஷன் நேரத்தில் முதுகு வழியாக ஃபுளோரசீன் என்ற சாயத்தை மூளை நீரில் மிகச் சிறிய அளவில், நீர்க்கச் செய்து, மெதுவாகச் செலுத்துவார்கள். எண்டோஸ்கோப்பி திரையில் ரத்தச் சிவப்புக்கு நடுவே பளிச்சென்ற பச்சை ஓடை ஒன்று இறங்குவது தெரியும். துளையைத் தேடும் வேலை அங்கேயே முடிந்துவிடும். அடைத்த பிறகு பச்சை நின்றதா என்று பார்த்தே முடிப்பார்கள். அளவு மீறினால் வலிப்பு வரலாம் என்பதால் கைவந்தவர்களே பயன்படுத்துவார்கள். சாயம் சிறுநீரில் வெளியேறிவிடும்.

மூக்கில் ஆபரேஷன் செய்த பிறகு முதுகில் ஏன் குழாய் மாட்டினார்கள்? பக்கத்துப் படுக்கைக்காரருக்கு மாட்டவில்லையே?

இடுப்பு முதுகில் போடும் மெல்லிய குழாய் சில நாட்களுக்கு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுக்கும், ஒட்டின் மேல் அழுத்தம் விழாது. எல்லோருக்கும் இது தேவையா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. தலைவலி, கிருமி, அளவுக்கு மேல் வடிதல் என்று குழாய்க்கே சில தொல்லைகள் இருப்பதால் அழுத்தம் அதிகமுள்ளவர்களுக்கு மட்டும் போடுபவர்கள் இருக்கிறார்கள். பக்கத்துப் படுக்கையோடு ஒப்பிட வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை: குழாய் இருக்கும்போது கட்டிலின் உயரத்தை உறவினர்கள் யாரும் மாற்றக் கூடாது. தலைமாட்டை ஏற்றினாலோ இறக்கினாலோ வடியும் வேகம் மாறிவிடும். எங்களைக் கூப்பிடுங்கள்.

தும்மல் வந்தால் என்ன செய்வது? எத்தனை நாள் இப்படிப் பயந்துகொண்டு இருக்க வேண்டும்?

தும்மலை அடக்காதீர்கள், வாயை நன்றாகத் திறந்து தும்முங்கள். மூக்கைச் சிந்தாதீர்கள். மற்றவையெல்லாம் இதே கணக்குத்தான்: மண்டைக்குள் திடீரென்று அழுத்தம் ஏற்றும் எதையும் நான்கிலிருந்து ஆறு வாரங்களுக்குச் செய்ய வேண்டாம். தண்ணீர்க் குடம் தூக்குவது, குழந்தையை இடுப்பில் வைப்பது, மாவாட்டும் கல்லை நகர்த்துவது, சாஷ்டாங்கமாக விழுவது, தோப்புக்கரணம் போடுவது எல்லாம் இதில் அடக்கம். தலையணை இரண்டு வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள். விமானப் பயணத்தை டாக்டர் சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள்.

எல்லோரும் அலட்சியப்படுத்துவது மலச்சிக்கலை. நாங்கள் கொடுக்கும் மலமிளக்கியைச் சிலர் தலையணைக்கடியில் சேர்த்து வைப்பார்கள். கழிவறையில் ஒரு முறை முக்குவது ஒட்டுக்கு இருமலை விடக் கெடுதல். வாழைப்பழம் மட்டும் போதாது, மருந்தைக் குடியுங்கள்.

ஜலநேதி, கபாலபாதி தினமும் செய்பவன் நான். எப்போது ஆரம்பிக்கலாம்?

கசிவு இருக்கும்போதே இவற்றை நிறுத்தியிருக்க வேண்டும். ஜலநேதியில் மூக்குக்குள் ஊற்றும் நீருக்கும் மூளைக்கும் நடுவே உங்களுக்கு மட்டும் கதவு திறந்திருந்தது. கபாலபாதியில் மூச்சை வேகமாக வெளித்தள்ளும்போது காற்று மேலே ஏறலாம். நசியம் என்று எண்ணெய் விடுவதும் அப்படித்தான். ஆபரேஷனுக்குப் பிறகு மூக்கைக் கழுவ உப்பு நீர் எழுதித்தருவார்கள், அது எப்போது எப்படி என்று சொன்னபடி மட்டும் செய்யுங்கள். சிரசாசனத்தை மறந்துவிடலாம். நடைப்பயிற்சிக்குத் தடையே இல்லை.

வாசனை தெரியவில்லை. மூக்கும் காய்ந்து பொருக்குத் தட்டுகிறது. இப்படியே இருந்துவிடுமா?

பஞ்சு இருக்கும்வரை வாசனை தெரியாது. கரையாத பஞ்சானால் சில நாட்களில் எடுப்பார்கள், கரையும் வகையானால் அப்படியே விடுவார்கள். பொருக்கைப் புறநோயாளிப் பிரிவில் எண்டோஸ்கோப்பி வைத்து எடுப்போம், நீங்கள் விரலை விட வேண்டாம். சவ்வு முழுதாக ஆறச் சில மாதங்கள் பிடிக்கும். சல்லடை எலும்பில் அடைத்தவர்களுக்கு அந்தப் பக்க வாசனை நிரந்தரமாகக் குறைந்துவிடலாம். மறுபக்கம் நன்றாக இருந்தால் ரசத்தின் மணத்துக்குக் குறைவிருக்காது.

ஒழுகல் நின்றுவிட்டது, ஆனால் தலைவலி முன்பைவிட அதிகம். ஆபரேஷன் கெட்டுவிட்டதா?

ஒட்டு நன்றாகப் பிடித்திருப்பதால்கூட இப்படி வரலாம். இத்தனை நாள் அழுத்தத்துக்கு மூக்கு ஒரு வடிகாலாக இருந்தது. ஆபரேஷனுக்கு முன் அளந்தபோது அழுத்தம் சரியாக இருந்தது என்றால், அதுவும் அந்த வடிகாலின் தயவாக இருக்கலாம். அடைத்த பிறகு உண்மையான அழுத்தம் தெரியவரும். பஞ்சர் ஒட்டிய டியூபில் அளவுக்கு மீறிக் காற்றடித்தால் ஒட்டு பெயரும், அல்லது வேறு இடத்தில் வெடிக்கும். இங்கும் அதே கதைதான்.

ஆகவே முதுகில் மறுபடி அளக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். கண் மருத்துவரிடம் கண் நரம்பின் வீக்கத்தைப் பார்க்கச் சொல்வார்கள், அதையும் தவறவிடாதீர்கள். அழுத்தம் நீடித்தால் பார்வை போகும், போனது திரும்புவது கடினம். அசட்டசோலமைடு இந்தக் கட்டத்தில்தான் முழுமையாக உதவும். அதிலும் அடங்காத சிலருக்கு, மூளையிலிருந்து வயிற்றுக்குள் நீரை வடியவிடும் ஷன்ட் குழாய் வைக்க வேண்டியிருக்கும்.

குறட்டைக்காக இரவில் சிபேப் மெஷின் மாட்டுகிறேன். ஆபரேஷனுக்குப் பிறகும் மாட்டலாமா?

சிக்கலான கேள்வி. மெஷின் காற்றை அழுத்தித் தள்ளுகிறது. புதிய ஒட்டின் இடுக்கு வழியாக அந்தக் காற்று மண்டைக்குள் போகலாம். எனவே முதல் சில வாரங்களுக்கு நிறுத்துவார்கள். ஆனால் நிறுத்தினால் மூச்சடைப்பால் அழுத்தம் ஏறுகிறது என்று எடை பற்றிய பதிலில் சொன்னேன். தலையை உயர்த்தி, பக்கவாட்டில் படுப்பதும், தேவைப்பட்டால் ஆக்ஸிஜன் மட்டும் வைப்பதும் இடைக்கால ஏற்பாடு. மறுபடி ஆரம்பிக்கும் நாளை இ.என்.டி. மருத்துவரும் நுரையீரல் மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். மெஷின் இருப்பதை அட்மிஷன் அன்றே சொல்லிவிடுங்கள்.

மறுபடியும் வருமா?

வரலாம், அதே இடத்திலோ புதிய இடத்திலோ. சிலருக்கு ஆரம்பத்திலேயே ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருப்பதும் உண்டு. திரும்ப வந்தாலும் மூக்கு வழியாகவே மறுபடி அடைக்க முடியும். வராமல் இருப்பது பெரும்பாலும் அழுத்தத்தைப் பொறுத்தது. எடை குறைந்தால் அழுத்தம் குறைகிறது என்பது மண்டை உயர் அழுத்த நோயாளிகளிடம் நன்றாகப் பார்த்த உண்மை. 2021-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், உணவுக் கட்டுப்பாட்டு வகுப்புகளுக்குப் போனவர்களை விட எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அழுத்தம் அதிகமாக இறங்கியது. எல்லோரும் அதற்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. பல முறை முயன்று தோற்றவர்கள் அதைப் பற்றிக் கேட்கலாம். அது சோம்பேறித்தனம் என்று பேசும் உறவினர்களின் வாயை அடைக்க இந்த ஆய்வு உதவும்.

என் தங்கைக்கும் மூளை நீர்க் கசிவுதான். அவளுக்கு ஆபரேஷனே இல்லாமல் முதுகில் ரத்தம் ஏற்றிச் சரிசெய்தார்கள். எனக்கு ஏன் அப்படிச் செய்யவில்லை?

பெயர் ஒன்று, நோய் வேறு. அவருக்குக் கசிந்தது தண்டுவடத்தில். அங்கே கசிந்தால் அழுத்தம் குறைந்து, நின்றால் தலைவலி வரும், படுத்தால் போகும். மூக்கில் நீர் வராது. கசியும் இடத்தருகே அவருடைய ரத்தத்தையே செலுத்தி அடைப்பது அதற்கான வழி. உங்களுக்குக் கசிவது மண்டையின் அடித்தளத்தில். முதுகில் ஏற்றும் ரத்தத்தால் அந்த எலும்புத் துளை மூடாது. அழுத்தமும் உங்களுக்கு நேர்மாறாகக் கூடியிருக்கிறது. இணையத்தில் படிக்கும்போதும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கோவிட் சோதனைக்கு மூக்கில் குச்சி விட்ட பிறகுதான் எனக்கு ஆரம்பித்தது. குச்சிதான் காரணமா?

நலமான மூக்கில் குச்சி மூளை வரை போகாது. 2020-இல் அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்கு இப்படி நேர்ந்தது மருத்துவ இதழில் வெளியானது. அவருக்கு மண்டை உயர் அழுத்தமும், கண்டுபிடிக்கப்படாமலே மூக்குக்குள் பிதுங்கிய உறையும் முன்பே இருந்தன. குச்சி அதில் பட்டுவிட்டது. உங்களுக்கும் அப்படி இருந்திருக்கலாம். பழைய சி.டி. எதுவும் இருந்தால் எடுத்து வாருங்கள், அதிலேயே துளை தெரியக்கூடும்.

வீட்டுக்குப் போன பிறகு எதற்கு உடனே ஓடிவர வேண்டும், எது காத்திருக்கலாம்?

முதல் வாரத்தில் இளஞ்சிவப்பாகச் சளி கலந்த நீர் கொஞ்சம் வருவது காத்திருக்கலாம். தெளிந்த நீர் குனிந்தவுடன் சொட்டினால் மறுநாள் காலையில் வாருங்கள், முடிந்தால் மேலே சொன்னபடி பாட்டிலில் பிடித்துக்கொண்டு. காய்ச்சலோடு கடுமையான தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, வெளிச்சம் பார்த்தால் கண் கூசுவது, குழப்பமான பேச்சு, வலிப்பு, பார்வை மங்கல், நிற்காத ரத்தம் இவற்றில் எது வந்தாலும் நள்ளிரவானாலும் பக்கத்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். எங்களிடமே வர வேண்டும் என்று பஸ்ஸுக்குக் காத்திருக்காதீர்கள்.

அங்கே போனதும் முதல் வேலையாக டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டுங்கள். மண்டை அடித்தளத்தில் ஆபரேஷன் நடந்தது, மூக்கு வழியாக உணவுக் குழாயோ, சளி உறிஞ்சும் குழாயோ, சோதனைக் குச்சியோ விட வேண்டாம் என்று சொல்லுங்கள். நோயாளி பேசும் நிலையில் இல்லாமல் போகலாம் என்பதால் கூட வருபவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.